பட்டாளத்தார் கல்

பட்டாளத்தார் தேசிங்கை மண்ணுக்குள் வைத்த மூன்றாம் நாள், பால் தெளிக்கப் போனவர்கள் பார்க்கிறபோது, அவர் தலைமாட்டில் ஒரு கல் முளைத்திருந்தது. கன்று ஈனும் மாட்டுக்கு முதலில் குளம்பு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி, மண்ணைப் பிளந்துகொண்டு, ஈரம் காயாமல், கொஞ்சம் கோணலாக, விரல் உயரத்துக்கு நின்றது. ஜவ்வாது மலை அடிவாரத்துக் கருங்கல்மேட்டில் இதற்கெல்லாம் யாரும் வாய் பிளப்பதில்லை. அந்த ஊர்க் கொல்லைகளில் வரப்புக்கு வரப்பு பழைய வீரர்களின் கல் நிற்கிறது. வில்லோடு ஒருவன், குறுவாளோடு ஒருவன், காலடியில் நாயோடு ஒருவன், களவு போன மாட்டை மீட்கப் போய் அம்பு வாங்கிச் செத்த இன்னொருவன். எல்லாருக்கும் ஒரே பெயர் வேடியப்பன், எல்லாருக்கும் பொங்கலுக்கு ஒரே சேவல். அந்தக் கற்களை யார் செதுக்கினார்கள், யார் நட்டார்கள் என்று அங்கே ஒரு தலைமுறையும் கேட்டதில்லை. வீரன் செத்தால் கல் வரும், கொஞ்ச காலமாக வரவில்லை, இப்போது வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே அன்றைக்கு அங்கே நடந்த சண்டை, கல் எப்படி வந்தது என்பதைப் பற்றியே இல்லை. பாலைக் கல்லின்மேல் ஊற்றுவதா, மண்ணின்மேல் ஊற்றுவதா என்பதுதான்.

"மனுசன் மண்ணுலதான கீறான். கல்லுக்கு இன்னாத்துக்குப் பாலு?" என்றார் பங்காளி ஒருவர்.

"கல்லு பசியோட வந்திருந்தா?" என்றார் பூசாரி பச்சையப்பன்.

செம்பைப் பாதியாகப் பங்கிட்டு இரண்டுக்கும் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மழை பெய்த மறுநாள் கல் ஒரு விரற்கடை ஏறும். வெயில் நாளில் அசையாமல் நிற்கும். ஏற ஏற அதன் முகத்தில் செதுக்கு வேலை தெரிந்தது. பழைய வேடியப்பன் கல்லில் ஒரே ஆள், ஒரே சண்டை, அதோடு சரி. இந்தக் கல்லுக்கு அப்படிச் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. உச்சியில் தேசிங்கு தாடையைத் துண்டால் கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிப் படுத்திருந்தார். அதற்குக் கீழே ஆஸ்பத்திரிக் கட்டிலும், தலைக்குமேல் தொங்குகிற பாட்டிலும். அதற்குக் கீழே டீக்கடை பெஞ்சும், அதில் யாரோடும் ஒட்டாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கிற தேசிங்கும். கல் மண்ணிலிருந்து மேலே வருகிறதால் நேற்றைய சங்கதி முதலில் வந்தது, அதற்கு முந்தியது அப்புறம் வந்தது, வாழ்ந்தது முழுக்கத் தலைகீழாய், சாவில் தொடங்கி வாலிபத்தைப் பார்த்து இறங்கிக்கொண்டு போனது.

ஊர் அதைத் தன் வேலைகளோடு சேர்த்துக்கொண்டது. டீக்கடைக்காரர் தன் கை நீட்டுகிற கிளாஸைக் கல்லில் கண்ட நாளிலிருந்து ஒரு ரூபாய் விலை ஏற்றினார். நாவிதர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "நாப்பது வருசமா அந்த மூஞ்சைச் செரைச்சவன் நான். கல்லுல எனக்கு ஒரு மூலை இல்லியா?" என்று கல்லைப் பார்த்து நேருக்கு நேராகவே கேட்டார். அடுத்த மழைக்கு ஒரு கை வந்தது, கத்தியோடு, மணிக்கட்டு வரைக்கும். ஆள் வரவில்லை. பரவாயில்லை, கை நம்ம கைதான் என்று அவர் சமாதானமாகிவிட்டார். பேருந்து ஓட்டுநர்கள் அந்த இடத்துக்குப் பட்டாளத்தார் கல் என்று பெயர் வைத்து நிறுத்தத் தொடங்கினார்கள். எலுமிச்சம்பழம், கற்பூரம் விற்க இரண்டு கூடைகள் வந்து உட்கார்ந்தன.

தேசிங்கின் மனைவி தனபாக்கியம், புருசன் இடுப்பு வாரை உருவிக்கொண்டு நிற்கிற மாதிரியும், அவருக்குக் கீழே ஒரு பெண் தலையில் கை வைத்துக் குந்தியிருக்கிற மாதிரியும் ஒரு காலையில் பார்த்தாள். அவள் வீட்டுக்குப் போய் மஞ்சளை அரைத்து எடுத்துவந்து அந்த இடத்தில் கனமாக அப்பினாள். அன்றிலிருந்து தினமும் அப்பினாள். சாமிக்குப் பெண்சாதி செய்கிற சேவை என்று அதையும் மற்றப் பெண்கள் பார்த்துப் பார்த்து, தாங்களும் மஞ்சள் கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

கல்லுக்கு எதிரே புங்கமரத்தடியில், ஆடுகளை மேயவிட்டுவிட்டு ஒருத்தி தினமும் உட்கார்ந்திருந்தாள். பூங்காவனம் என்று பேர். அவள் கற்பூரம் வாங்கியதில்லை, கை கூப்பியதில்லை. கல் எத்தனை வருசம் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பாள், போவாள்.

அவள் புருசன் சாமுடியும் தேசிங்கும் ஒரே நாளில், ஒரே பேருந்தில் பட்டாளத்துக்குப் போனவர்கள். சாமுடி அளவுகோலுக்கு அரை விரற்கடை குட்டை. ஆள் எடுக்கிற மைதானத்துக்குப் பின்னால் கூட்டிப்போய், அவன் உச்சந்தலையில் ஒரு கூழாங்கல்லால் நங்கென்று போட்டு வீங்க வைத்து, அந்த வீக்கத்தின் உயரத்தில் அவனை உள்ளே தள்ளிவிட்டவர் தேசிங்கு. அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் சிரிப்பார்கள். பூங்காவனம் அவனோடு வாழ்ந்தது இரண்டு லீவு. மூன்றாவது லீவுக்குப் பதில், பனிமலையில் ஆளைக் காணவில்லை என்று ஒரு தந்தி வந்தது. தேசிங்கு மட்டும் வந்தார். "பனிக்காத்துல கை விட்டுப் போச்சு. அப்பறம் பாக்கல" என்று ஒரே ஒரு தடவை, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அப்புறம் முப்பது வருசத்துக்கு மேல் அவள் தெருப்பக்கம் அவர் கால் வைக்கவில்லை. பக்கத்து வீட்டில் இழவென்றாலும் ஏரிக்குள் இறங்கி, முள்ளைக் கடந்து, சுற்றிக்கொண்டுதான் வருவார். மரியாதைக்காரர் என்று ஊர் சொன்னது.

சாமுடிக்குத் தலையில் இரட்டைச் சுழி. அது போதாதா ஊருக்கு? "ரெட்டைச் சுழிக்காரன் ஒருத்தியோட நிப்பானா? வடக்க எவளோ கோதுமை ரொட்டி சுட்டுப் போட்டுக்கினு கீறா" என்று கிணற்றடியில் சொன்னார்கள். ஓடிப்போனவன் பெண்டாட்டி என்று சொல்வதற்கும் செத்தவன் பெண்டாட்டி என்று சொல்வதற்கும் நடுவில் அவளை நிறுத்தி வைத்தார்கள். அவள் நெற்றியில் பொட்டு இருந்தது, காலில் மெட்டி இருந்தது. கல்யாண வீட்டில் குங்குமத்தட்டு வரிசையாக வந்து அவளிடம் வரும்போது ஒரு நொடி தயங்கும்; பிறகு நீட்டுவார்கள், அல்லது தாண்டிப் போவார்கள். இழவு வீட்டில் தாலி அறுத்தவர்கள் ஒரு பக்கமும் கட்டியவர்கள் ஒரு பக்கமும் உட்கார, அவள் வாசல்படியில் ஒருக்களித்து உட்காருவாள். அந்தத் தட்டு தயங்குகிற ஒரு நொடியிலேயே அவள் ஆயுசு முழுக்க வாழ்ந்தாள்.

ஆகவே தேசிங்கின் வாழ்க்கை கல்லில் பின்னோக்கி இறங்குகிறது என்று தெரிந்ததும், என்றைக்காவது அது பனிமலைக்கு வந்து சேரும் என்று அவளுக்குத் தெரிந்தது. அங்கே சாமுடி இருக்கவேண்டும். எப்படி இருந்தாலும் சரி.

"இன்னாடி, எது வரைக்கும் வந்துக்குது?" என்று கேட்டுக்கொண்டு தனபாக்கியம் மஞ்சள் உருண்டையோடு வருவாள்.

"உங்க பெரியவ காது குத்து வந்துட்டுதுக்கா. உங்க ஊட்டுக்காரரு கருப்பட்டி மாதிரி மூஞ்சை வச்சிக்கினு நிக்கிறாரு."

"சிரிச்சு நான் பாத்ததே இல்ல. கல்லு மட்டும் இன்னாத்தைச் செதுக்கும், பாவம்." தனபாக்கியம் மஞ்சளை அப்பிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒவ்வொரு மழைக்கும் எனக்குத் தூக்கம் போவுதுடி. இன்னிக்கு இன்னாத்தைக் காட்டுமோன்னு. ஒனக்கு?"

"எனக்குக் காலு மரத்துப்போவுது."

"அந்த மனுசன் தூக்கத்துல பல்லு கடிப்பாரு. சித்திர மாசத்து வெக்கையில போர்வை கேப்பாரு. இன்னாய்யான்னா திரும்பிப் படுத்துக்குவாரு. அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்சது."

"யக்கா," என்றாள் பூங்காவனம். "எங்க ஆளு வரும்போது இந்த மஞ்சளை எடுத்துக்கினு வந்து அவுரு மூஞ்சில அப்பிடாத."

தனபாக்கியம் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அந்த ஐப்பசி நல்ல ஐப்பசி. கல் இடுப்பளவுக்கு வந்தது, மார்பளவுக்கு வந்தது. தேசிங்கு கறுப்பு டிரங்குப் பெட்டியோடு பேருந்திலிருந்து இறங்குகிற காட்சி திரும்பத் திரும்ப வந்தது, வருசத்துக்கு ஒரு லீவாக, ஒவ்வொன்றிலும் இளமையாக, மீசை கறுத்து, தோள் அகன்று. ஊர்ப் பையன்கள் விடியற்காலை ஓட்டத்தை அந்தக் கல்லிலிருந்து தொடங்கி அந்தக் கல்லில் முடித்தார்கள். அதைத் தொட்டுவிட்டுப் போனவர்களில் நாலு பேரை அந்த வருசம் பட்டாளத்தில் எடுத்தார்கள். முன்னாள் பட்டாளத்தார் சங்கத்துத் தலைவர் சுபேதார் அர்ஜுனன், இஸ்திரி போட்ட சட்டையும் பெல்ட்டுமாகத் தினமும் வந்து, "துப்பாக்கி எப்ப வரும்? இன்னும் எத்தினி பொட்டியைத் தூக்கிக்கினு எறங்குவான் இவன்?" என்று சலித்துக்கொள்வார். கல் துப்பாக்கிக்கு வந்தால் விழா எடுக்கவேண்டும், பெரிய ஆளைக் கூப்பிடவேண்டும் என்று அவருக்கு ஆசை.

பிறகு ஒரு காலையில் பனி வந்தது. கல்லில் பனியை எப்படிச் செதுக்க முடியும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது என்றுதான் பூசாரி சொல்வார். ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் அதைப் பனி என்றே சொன்னார்கள். அந்த இடத்தில் கல் கையை வைக்க முடியாத குளிர்ச்சியாக இருந்தது. ஆடுகள் அதை நக்கின. காய்ச்சல் குழந்தைகளைத் தூக்கிவந்து அதில் சாய்த்து வைத்தார்கள், காய்ச்சல் இறங்கியது. சோடா விற்கிறவர் யாருமில்லாத நேரம் பார்த்துத் தன் பாட்டில்களை அதன் ஓரமாக அடுக்கி வைத்தார்; பூசாரி கண்டும் காணாதது போல் ஒரு கோலிசோடா வாங்கிக் குடித்தார்.

பூங்காவனம் அன்றைக்குப் புங்கமரத்தை விட்டு எழுந்து கல்லருகே வந்து நின்றாள். ஆடுகள் யார் கொல்லையில் மேய்கின்றன என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த மழைக்குத் தேசிங்கு வந்தார். பனிச்சரிவில் தனியாக, கீழ்நோக்கி, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார். உடம்பில் ஒன்றுக்குமேல் ஒன்றாக இரண்டு கோட்டு. வெளியே இருந்த கோட்டின் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே முடிந்துவிட்டது. பொத்தான் போட முடியாமல் மார்பு திறந்து கிடந்தது. யாரோ குட்டையான ஆளின் கோட்டு.

சுபேதார் அர்ஜுனன் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். அவர் அந்த மலைகளில் இருந்தவர். அங்கே ஒருவனுக்கு ஒரு கோட்டுதான் என்று அவருக்குத் தெரியும், ஒருவன் இரண்டு கோட்டில் இறங்கிவந்தால் மேலே ஒருவன் கோட்டில்லாமல் இருக்கிறான் என்றும் தெரியும். அவர் தொப்பியைக் கழற்றினார். கழற்றியது எதற்கு என்று யோசித்த மாதிரி மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மழை நிக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

மழை நிற்கவில்லை. மறுநாள் விடிந்தபோது, தேசிங்கின் காலடிக்குக் கீழே, மண்ணை ஒட்டி, பனிக்குள்ளிருந்து ஒரு தலை உச்சி மட்டும் வந்திருந்தது. தலைமுடி. நடுவில் ஒரு பக்கம் வலமாகவும் ஒரு பக்கம் இடமாகவும் சுற்றுகிற இரண்டு சுழி. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன வீக்கம்.

பூங்காவனம் மண்டியிட்டு அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவில்லை. கூடை வைத்திருந்த கிழவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரெட்டைச் சுழி, ரொட்டி என்று கிணற்றடியில் பேசிய வாய்கள் அவை.

"இன்னொரு மழை," என்று பூங்காவனம் யாரிடமோ சொன்னாள். "இன்னொரு மழை பேஞ்சா மூஞ்சி வந்துடும்."

அன்று சாயங்காலமே டிராக்டரில் சிமெண்டு வந்தது.

சங்கத்துக்காரர்கள் மளமளவென்று வேலை செய்தார்கள். கல்லைச் சுற்றி ஒரு ஆள் அகலத்துக்குச் சல்லி கொட்டி, கம்பி கட்டி, பீடம் போட்டார்கள். சுபேதார் ஏற்கெனவே விழாவுக்கென்று திருவண்ணாமலையில் சொல்லி வைத்திருந்த பித்தளைக் கவசம் வந்து இறங்கியது. அதில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் சல்யூட் அடித்துக்கொண்டு நின்றான். செய்தவருக்குச் சிப்பாய் முகம் பழக்கமில்லையோ என்னவோ, முறுக்கு மீசையும் முட்டைக் கண்ணுமாக முகத்தை மட்டும் ஐயனாருக்குச் செய்கிறபடி செய்துவிட்டிருந்தார். அதைக் கல்லுக்கு மாட்டி, அடியைச் சிமெண்டில் புதைத்தார்கள். இரட்டைச் சுழி பீடத்துக்குள் போய்விட்டது.

பூங்காவனம் கரண்டியைப் பிடித்துக்கொண்டிருந்த கொத்தனாருக்கு முன்னால் போய் நின்றாள். சுபேதார் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இம்மா, இங்க வா. நான் சொல்றதைக் கேளு. சாமிக்கு மேடை கட்டறோம். இதுல ஒனக்கு இன்னா வந்துது?"

"அண்ணா, உள்ள எங்க ஆளு கீறாரு."

"உள்ள கல்லு கீது."

"நீங்களும் பாத்தீங்க. தொப்பியைக் கழட்டினீங்க."

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பாத்தேன். பாத்ததாலதான் மூடறேன். இந்த ஊருல மழையை நம்பி எவன் வீட்டுல அடுப்பு எரியுது? பசங்க ஓடறான், எடுக்கறாங்க, மாசம் பொறந்தா பணம் வருது. நாளைக்கு இந்தக் கல்லைப் பாத்துட்டு எவன் ஓடுவான்? எந்த அம்மாக்காரி அனுப்புவா? தேசிங்கு செத்துட்டான். அவனை இனிமே யாரும் கேள்வி கேக்க முடியாது. ஒருத்தன் பேரையாவது நல்லபடியா நிறுத்திட்டுப் போவோமே."

"அவுரு பேரை நீங்க தங்கத்துல எழுதுங்க. நான் அதைக் கேக்கலை. எங்க ஆளு உசுரோட கீறாரா, செத்தாரான்னு மட்டும் சொல்லுங்க. நான் பொட்டு வைக்கவா, அழிக்கவா?"

"கல்லைப் பாத்துட்டு யாராவது தாலியைக் கழட்டுவாங்களாம்மா? அரசாங்கத்துல காணலைன்னுதான் கீது. முப்பது வருசம் பொறுத்தவ, பொறு."

"பொறுக்கறேண்ணா," என்றாள். "இன்னா பண்ணப் போறேன், பொறுக்கறதைத் தவிர."

விழா நடந்தது. மாலை, மேளம், கிடா. பையன்கள் பித்தளைக் காலைத் தொட்டுத் தொட்டுப் பளபளப்பாக்கினார்கள். மழை பெய்தது, கல் ஏறவில்லை. சிமெண்டு அதை அழுத்திப் பிடித்துக்கொண்டது. பீடத்தில் காதை வைத்தால் உள்ளே எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்பதாகக் கூடைக்காரக் கிழவி ஒருத்தி சொன்னாள். கேட்டவர்கள், சாமி பல்லைக் கடிக்கிறது, கோபக்கார சாமி, என்று கூடவே ஒரு சேவலையும் நேர்ந்துகொண்டார்கள். தனபாக்கியத்துக்கு மஞ்சள் அப்ப இடமில்லாமல் போனது. பித்தளைமேல் அப்பினாள். அது வழுக்கி விழுந்தது.

தை பிறந்தது. பூங்காவனம் ஒருநாள் களைக்கொத்தோடு வந்து, பீடத்தின் பின்பக்கம் உட்கார்ந்து, பட்டப்பகலில் மண்ணைக் கொத்த ஆரம்பித்தாள்.

"இன்னா பூங்காவனம், இன்னா தோண்டற?" என்று பூசாரி பச்சையப்பன் எட்டிப் பார்த்தார்.

"பெருச்சாளி பூந்துக்குது பூசாரி. இப்பிடியே வுட்டா பீடம் எறங்கிடும்."

"அட, புண்ணியமாப் போவட்டும்மா, புடி அதை" என்று சொல்லிவிட்டு அவர் கற்பூரம் காட்டப் போனார்.

தினமும் கொத்தினாள். ஆடுகள் மேய்கிற நேரம் முழுக்கக் கொத்தினாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பெருச்சாளியை விசாரித்தார்கள். ஒருத்தர் மிளகாய்ப் புகை போடச் சொன்னார். ஒருத்தர் ரெண்டு குட்டி இருந்தால் கொடு, கறிக்காகும் என்றார். பள்ளம் பீடத்துக்கு அடியில், கல்லின் முகப்பக்கமாக, சாய்வாக இறங்கியது. மேல்மண் போய், செம்மண் போய், சுண்ணாம்புக்கல் வந்து, அதன்பிறகு மண் ஈரமாகி, ஈரம் குளிர்ந்து, குளிர் விரல்நகத்தைக் கடித்தது. உள்ளே குனிந்து பார்த்தால் இருட்டு. விளக்கைக் கொண்டுபோனால் அந்தக் குளிர்காற்றில் அணைந்தது.

கடைசியில் ஒரு மத்தியானம், அவள் வயிற்றைத் தரையில் பதித்துப் படுத்து, தோள்வரைக்கும் கையை விட்டாள்.

விரலில் முடி பட்டது. கல்முடிதான், ஆனாலும் முடி. வீக்கம் பட்டது, அதன்மேல் தடவிக்கொண்டிருந்தாள். இரண்டு லீவிலும் எண்ணெய் தேய்த்துவிட்ட தலை. பிறகு நெற்றி. நெற்றியில் குறுக்காக ஓடுகிற கோடு, யோசிக்கும்போது விழுகிறது, அப்படியே இருந்தது. பிறகு புருவம், அதில் ஊசிஊசியாக உறைந்த பனி. பிறகு கண்.

கண் திறந்திருந்தது.

இன்னும் ஒரு சாண் இறங்கினால் மார்பு. இன்னும் கொஞ்சம் இறங்கினால் கைகள். அவன் கை கோட்டைக் கழற்றிக் கொடுக்கிறதா, பிடுங்குகிற கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று அங்கே இருக்கும். தேசிங்கு பார்த்துக்கொண்டே போனாரா, பார்க்காமல் போனாரா என்பதும் எங்கேயாவது இருக்கும். அவள் விரல்கள் அங்கே போகவில்லை. திறந்த கண்களின்மேல் நின்றுவிட்டன. முப்பது வருசத்துக்கு மேல் மூட ஆளில்லாமல் திறந்தே கிடந்த கண்கள். செத்த உடம்பின் இமை விறைத்துவிட்டால் உள்ளங்கைச் சூட்டை வைத்து நீவிவிட வேண்டும் என்று ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அவள் உள்ளங்கையை விரித்து, கண்கள் இரண்டையும் சேர்த்து மூடி, வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். கை மரத்தது. தோள் மரத்தது. ஒரு ஆட்டுக்குட்டி வந்து அவள் முந்தானையைக் கடித்துப் பார்த்துவிட்டுப் போனது. வெகு நேரம் கழித்து, கைக்குக் கீழே கல் இமை மெல்ல இறங்குவது தெரிந்தது. முதலில் ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

கையை வெளியே எடுத்தபோது அது விரல்நுனி முதல் முழங்கை வரைக்கும் வெளுத்துப் போயிருந்தது. மஞ்சள் உருண்டையோடு தனபாக்கியம் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ.

"பெருச்சாளியா?" என்றாள் தனபாக்கியம்.

பூங்காவனம் எழுந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் மண்.

"சொல்லுடி. குடுத்தாரா, இவுரு புடுங்கிக்கினு வந்தாரா?"

"கை வரைக்கும் நான் போகலைக்கா."

"பொய் சொல்லாத."

"போகலை. எனக்கு வேண்டியது அதுக்கு மேலயே கெடைச்சிட்டுது. பள்ளம் அங்கதான் கீது, கையை வுடு. அது உங்க ஊட்டுக்காரர் கல்லு."

தனபாக்கியம் பள்ளத்தைப் பார்த்தாள். அதிலிருந்து எழும்பிய குளிர் அவள் கணுக்காலில் மோதியது. பல் கடிக்கிற சத்தத்தோடு படுத்த எத்தனையோ ராத்திரிகள் அந்தக் குழிக்குள் இருந்தன, குனிந்தால் போதும். அவள் குனிந்தாள். முழங்கால் மண்ணைத் தொட்டது. பிறகு, கையிலிருந்த மஞ்சளைக் குழிக்குள் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் மண்ணை வாரி வாரி உள்ளே தள்ளினாள். பூங்காவனம் தடுக்கவில்லை. களைக்கொத்தை அவள் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஏரியில் இறங்கி நெற்றியைக் கழுவினாள். மெட்டியைக் கழற்றித் தண்ணீரில் விட்டாள். ஈரத்தோடு தெருவுக்கு வந்து, தலையை அவிழ்த்துப் போட்டு, தன் வீட்டு வாசலில் நடுவாக உட்கார்ந்து, முதல் குரல் எடுத்து அழுதாள். அந்தத் தெருவில் அப்படி ஒரு குரலை யாரும் கேட்டதில்லை. கதவுகள் திறந்தன. பெண்கள் வந்து நின்றார்கள்; எந்தப் பக்கம் உட்காருவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆண்கள் தெருமுனையில் நின்றார்கள். சுபேதார் அர்ஜுனன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா இது அநியாயம்? பொணம் எங்க? தகவல் எங்க? பொணமில்லாம எழவா?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. முழங்கை வரை மண்ணும் மஞ்சளுமாக ஒருத்தி கூட்டத்துக்குள் நுழைந்து வந்தாள். தனபாக்கியம் வந்து எதிரே உட்கார்ந்து, பூங்காவனத்தின் கழுத்தில் கை போட்டுக்கொண்டாள், இழவு வீட்டில் போடுகிற மாதிரி. பட்டாளத்தார் பெண்டாட்டியே உட்கார்ந்துவிட்டதும் சுபேதார் ஓரமாக நகர்ந்துகொண்டார். அதைப் பார்த்துவிட்டு மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பறைக்குச் சொல்லிவிட ஒருத்தர் சைக்கிளை எடுத்தார்.

பூசாரி பச்சையப்பன் மட்டும் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். இழவு என்றால் பதினாறாம் நாள் கருமாதி வேண்டும், கருமாதிக்கு நாள் எண்ண வேண்டும்.

"எம்மா," என்று குனிந்து, சத்தமில்லாமல் கேட்டார். "எண்ணிக்கை எங்கேருந்து வைக்கறது? எந்த வருசம், எந்த மாசம்னு யாருக்குத் தெரியும்? அவன் எப்ப செத்தான்னு நான் வைக்கட்டும்?"

பூங்காவனம் அழுகையை நிறுத்தி, முகத்தில் ஒட்டியிருந்த முடியை அந்த வெளுத்த கையால் ஒதுக்கினாள்.

"கண்ணு தொறந்தே கெடந்துது பூசாரி. நாந்தான் மூடிட்டு வரேன். இன்னிக்குத்தான் செத்தாரு."

பூசாரி இடது கையை விரித்து, இன்றைக்கென்று ஒரு விரலை மடக்கினார்.